வெள்ளை மாடிகள்

செவ்வாய், இரவு.

கண்டுபிடித்துவிட்டேன்! தூக்கமே வரவில்லை.

செயற்கைக்கோள் படத்தில் கூரைகளைப் பார்த்து ஏழைகள் வாழும் இடங்களைக் கணிக்க நான் பழக்கிய கணினி, பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் இருக்கும் காலனியை வசதியான இடம் என்றே அடம்பிடித்தது. இன்று நேரில் போனேன். சுவரெல்லாம் விரிசல் விட்ட தொகுப்பு வீடுகள். மாடிகளில் மட்டும் உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அதைத்தான் கணினி வசதியான வீட்டு டைல்ஸ் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

"சூளையில கழிச்சுப் போடறதுங்க. பதிச்சா வூட்டுக்குள்ள சூடு கம்மியா இருக்குது," என்றார் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த அக்கா.

இந்தக் கணிப்பை வைத்துத்தான் அரசு உதவி யாருக்கு என்று முடிவாகும்; நான் போகாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு உதவியே வந்திருக்காது. நாளைக்கே திருத்த வேண்டும்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் எங்கள் தெருவின் படத்தையும் திறந்தேன். வெள்ளை டைல்ஸ் போட்ட எங்கள் மாடியும் அதே நிறம்தான். எந்த வெள்ளை ஏழை வீட்டு வெள்ளை என்று கணினிக்கு எப்படிச் சொல்லித்தருவேன்?