பாவாயி போட்ட வோட்டு

தாது வருஷம் (1937) மாசி, ஞாயிறு

பனி குறைந்துவிட்டது. காலை எட்டு மணிக்கே முதுகில் வெயில்.

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுவது நல்லது. நேற்று ஊர்க்கூட்டத்தில், வோட்டில் ஜெயிக்கிறவர் நமக்குக் கலெக்டராக வருவார் என்று அடித்துப் பேசிவிட்டேன். கைத்தட்டல் வேறு. பிறகு வாத்தியார் எழுந்தார். "இல்லீங்க, ஜெயிக்கிறவரு மெட்ராஸ் சட்டசபைக்குப் போவாரு. கலெக்டரை நாம தேர்ந்தெடுக்கறது இல்லீங்க." நாற்பத்தாறு வயது, ஊரிலேயே விவரமானவன் என்ற பட்டம், எல்லாம் ஒரு வரியில் போயிற்று. என் சம்சாரம் பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் அல்ல.

கூட்டம் கலைந்ததும் வாத்தியாரிடம் தனியாகப் பாடம் கேட்டேன். மனதில் நின்றவை:

சட்டம் செய்கிறவர் ஒருவர், நடத்துகிறவர் இன்னொருவர், மீறினால் தீர்ப்புச் சொல்கிறவர் மூன்றாமவர்.
வரி கட்டினால் மட்டும் போதாது, கேள்வியும் கேட்டால்தான் குடிமகன்.
தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. நாம் எந்தப் பெட்டியில் போட்டோம் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

நான் வரி கட்டுகிறவன், அதனால் எனக்கு வோட்டு. என் சம்சாரம் என்பதால் பாவாயிக்கும் உண்டு. நம் தயவில் என்று அவளிடம் சொன்னேன். சாயங்காலம் வரை மோர் கிடைக்கவில்லை.

திங்கள்

செக்குக்குப் போகவேண்டும். போகவில்லை. கொல்லையில் மூன்று பானை கவிழ்த்து, கலர் துணி சுற்றி, பாவாயிக்கு வோட்டுப் பயிற்சி. கேள்வி கேட்டது அவள்தான்.

"ஏனுங்க, காட்டுல சுள்ளி பொறுக்குனா பாரஸ்ட் கார்டு அருவாளைப் புடுங்கிக்கிறானே, அந்தச் சட்டம் யாரு பண்ணுனது?"

"சர்க்கார்."

"இப்ப போறவங்க அதை மாத்துவாங்களா?"

"மாத்தலாம்."

"அப்படின்னா நான் கட்டாயம் போடோணும். அது எங்கப்பன் வூட்டு அருவா."

பிறகு பானையை நிமிர்த்தி அடுப்பில் ஏற்றிவிட்டாள். பயிற்சி முடிந்தது.

புதன்

வோட்டு நாள். நல்லம்பள்ளிப் பள்ளிக்கூடம். ஒரே புழுதி. ஆண்களுக்கு ஒரு மேஜை, பெண்களுக்கு ஒரு மேஜை. ஆண்கள் வரிசை நீளம். நான் வரிசையை விட்டுப் பெண்கள் பக்க ஜன்னலில் தொங்கினேன், என் மாணவியைப் பார்க்க.

மேஜையில் கும்பகோணத்து ஆபீசர், மூக்குக்கண்ணாடி. ஒவ்வொருத்தியிடமும் "உன் புருஷன் பேர் என்ன?" ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. புருஷன் பெயரை எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம் பக்கத்துப் பெண்கள் கனவில்கூடச் சொல்வதில்லை. ஆபீசர் பார்த்தார், "பேர் தெரியாதா? ஓரமா நில்லு" என்று ஒதுக்கினார். எட்டுப் பேர் தலைகுனிந்து புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

ஒன்பதாவது பாவாயி.

"புருஷன் பேர்?"

"தீர்த்தமலை மேல இருக்கற சாமி பேருங்க."

"எனக்கெப்படித் தெரியும்? நான் இந்த ஊரா?"

நான் ஜன்னலில் இருந்து, "நான்தானுங்க அது!"

"ஓய், விலகிப் போம்! சொல்லிக்கொடுத்தால் கேஸ் போட்டுடுவேன்."

போனேன். இரண்டடி. கண்ணும் காதும் அங்கேயே.

பாவாயி நகரவில்லை. "ஏனுங்க சாமி, பேரு கேக்கோணும்னு எதுல எழுதியிருக்குதுங்க?"

"ரூல் புஸ்தகத்திலே."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்கதான் படிச்சுச் சொல்லோணும்."

பின்னாலிருந்து ஒரு கிழவி, "ஆமாங்க, படிங்க, நாங்களும் கேக்கறோம்!"

ஆபீசர் எரிச்சலோடு புஸ்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். நல்ல மனிதர், மறைக்கவில்லை. லிஸ்டில் உள்ளதை ஆபீசரே படித்து, "இது நீதானா?" என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான் ரூல்.

"பாவாயி, புருஷன் தீர்த்தகிரி. இது நீதானா அம்மா?"

"நான்தானுங்க." வெட்கத்தில் முகம் சிவந்தாலும் குரல் கணீர்.

சீட்டை வாங்கித் திரைக்குப் பின்னால் போனாள். வெளியே வந்து நேராகப் புளியமரத்தடிக்கு. "வாங்கடி, அவரே படிக்கறாராம். தலையாட்டினா போதும்." எட்டுப் பேரும் திரும்பினார்கள். எட்டு வோட்டு. எட்டும் பாவாயி மீட்டவை.

எனக்கு மார்பு ஒரு சாண் விரிந்தது. சட்டத்தைப் பயத்தோடு பார்த்தே பழகியவன் நான். எழுத்தறியாத இவள் அதைத் திறந்து படிக்கச் சொன்னாள், அது இவள் பக்கம் பேசியது! காபிக்கடையில் சொன்னேன். வண்டிக்காரர்களிடம் சொன்னேன். அரூர்ச் சந்தைக்குப் போகும் புளி வியாபாரியை நிறுத்திச் சொன்னேன். நாலாவது தடவை சொன்னபோது ஆபீசர் எழுந்து நின்று கும்பிட்டிருந்தார். அது என் சேர்ப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

வண்டியில் வரும்போது, "எந்தப் பெட்டி புள்ள?"

"கேக்க உரிமை இல்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

வெள்ளி

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. சாம்பல் தூவினேன். தெருவில் இப்போது என் பெயர் 'பாவாயி வூட்டுக்காரர்'. கூப்பிட்டால் திரும்புகிறேன். சந்தோஷமாகவே.

வாத்தியார் வந்தார். பூத்தில் ஒரு கட்சிக்கு ஏஜெண்டாக உட்கார்ந்தவர் அவர். வோட்டுப் போட்டவர்களுக்குப் பென்சிலில் கோடு போட்ட லிஸ்டைக் காட்டினார். பாவாயிக்குக் கோடு. புளியமரத்து எட்டுப் பேருக்கும் கோடு. கிழவிக்கும். வாத்தியார் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். தீர்த்தகிரி. கோடு இல்லை. காபிக்கடையை விட்டு நான் எழுந்தபோதே மணி ஐந்தரை, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டிருந்தார்கள்.