இரண்டாம் மாடிக்குக் கண் வரும்

மார்ச் 3, திங்கள்

பதினோராவது வீட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை சொன்ன காரணம், குழாயில் தண்ணீர் சன்னமாக வருகிறது என்பது. வீட்டுத் தரகர் குழாயைத் திறந்து காட்டினார். அவர் சட்டை நனைகிற அளவுக்கு வந்தது. "இதுக்கு மேல வேணும்னா அருவிக்குப் பக்கத்துலதான் சார் பாக்கணும்" என்றார். என் மனைவி வரும் வழி முழுக்க எனக்கு மூன்றடி முன்னாலேயே நடந்தாள்.

இப்போது இருக்கும் கட்டடத்தை ஏப்ரலில் இடிக்கிறார்கள். மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். இருபத்தெட்டு நாள்தான் இருக்கிறது.

மார்ச் 4

உண்மையான காரணத்தை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஒன்பது வயதில் அண்ணனோடு போய் ஒரு டைனோசர் படம் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே அதிகம். முதல் உறுமலிலேயே கண்ணை இறுக்கி மூடிவிட்டேன். அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரமாக ஒவ்வொன்றாகச் சொன்னான். "இப்ப ரெண்டாவது மாடி ஜன்னல்ல ஒரு கண்ணு தெரியுதுடா. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கு. இமைக்கவே மாட்டேங்குது."

அந்தக் கண் முப்பத்தைந்து வருடமாக இமைக்கவில்லை.

என் கணக்கு இது. தரைத்தளம் என்றால் கால். முதல் மாடி என்றால் வாய். இரண்டாம் மாடிக்குக் கண் வரும். அதற்கு மேலே போனால் பறக்கிற வகை. இப்போது நாங்கள் இருப்பது முதல் மாடி, அதாவது வாய்க்கு நேரே. ஆனால் ஜன்னலை ஒட்டிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் இருக்கிறது, தலை நுழையாது. அளந்து பார்த்துத்தான் இந்த வீட்டைப் பிடித்தேன். காற்றே வராத வீட்டை ஏன் பிடித்தீர்கள் என்று அவள் பதினாறு வருடமாகக் கேட்கிறாள்.

அதெல்லாம் செத்து ஆறரைக் கோடி வருடம் ஆகிவிட்டது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

மார்ச் 6

வார இதழ் ஆசிரியர் போன் செய்தார். பன்னிரண்டு வருடமாக நான் அங்கே வரைகிற கிளிச் சித்திரக்கதை இனி வேண்டாமாம். "போன வாரம் நானே சிரிக்கல. உங்க கிளியைப் பாத்து சிரிக்கிறதுக்குத்தான் எனக்கு சம்பளமே" என்றார். சனிக்கிழமைக்குள் புதிதாக ஒன்று தர வேண்டும்.

மார்ச் 7

ஒரு மண்ணும் தோன்றவில்லை.

மார்ச் 8, சனி

வேறு வழியில்லாமல் கைக்கு வந்ததை வரைந்து அனுப்பிவிட்டேன். நான்கு கட்டம். வழுக்கைத் தலை ஆசாமி ஒருவர் வீடு பார்க்கப் போகிறார். படுக்கையறைக்குள் நுழைந்ததும் பையிலிருந்து டேப்பை எடுத்து ஜன்னலை அளக்கிறார். "திரைச்சீலைக்கா சார்?" என்கிறார் தரகர். "இல்ல, தலை நுழையுமான்னு பாக்கறேன்." கடைசிக் கட்டத்தில் வெறும் ஜன்னல், அதில் ஒரு டைனோசர் கண். ஆசாமிக்கு 'ஜன்னல் சார்' என்று பெயர் வைத்தேன்.

எனக்கு வழுக்கை கிடையாது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மார்ச் 14

இதழ் வந்தது. காலையில் அவள்தான் முதலில் பிரித்தாள். சிரித்த சிரிப்பில் காபி மேசையெல்லாம் கொட்டியது. "ஐயோ, இந்த ஆளைக் கட்டிக்கிட்டவ எவளோ, பாவம்" என்றாள்.

ஆமாம் பாவம்தான் என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைத்தேன்.

மார்ச் 17

டைனோசருக்குப் பயந்தவர்களிடமிருந்து கடிதங்கள் குவிகின்றனவாம். ஆசிரியர் போனில் வாசித்துக் காட்டினார். ஒரு பல் டாக்டர், நோயாளி வாயை அகலமாகத் திறந்தால் இன்றைக்கும் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போய்விடுவாராம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன் கதவைத் தட்டுவாராம். உள்ளே முட்டை இருக்கிறதல்லவா, பொரிந்திருந்தால்? ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டுவது நல்ல யோசனைதானே என்றுதான் தோன்றியது.

மார்ச் 19

பன்னிரண்டாவது வீடு.

இரண்டாம் மாடி. படுக்கையறையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க ஜன்னல். அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது. பகல் பூராவும் இருட்டறையில் நின்று, கீழ் வரியைப் படியுங்கள், இப்போது தெளிவாக இருக்கிறதா, இப்போது? என்று கேட்டுக்கொண்டே இருப்பவள். அந்த வெளிச்சத்தில் போய் நின்றவள் நகரவே இல்லை. "இங்க சும்மா உக்காந்திருந்தாலே போதும்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். வெயில் ஜாஸ்தி, துணியெல்லாம் வெளுத்துப் போகும், நான் வரைகிற வண்ணமெல்லாம் காய்ந்து போகும். பேசிக்கொண்டே இருந்தேன். அறை கப்சிப்பென்று ஆகிவிட்டது. ஏன் என்று பார்த்தால், என் கையில் டேப். ஒரு முனை ஜன்னலின் அந்தக் கோடியில், மறு முனை இந்தக் கோடியில். எப்போது எடுத்தேன் என்று சத்தியமாகத் தெரியாது.

தரகர் வார இதழ் படிக்கிறவர் போலிருக்கிறது.

"சார்... ஜன்னல் சார் நீங்கதானா?"

அவள் டேப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மார்ச் 20

போச்சு. எல்லாம் போச்சு. நேத்து அண்ணன், படம், கண்ணுன்னு எல்லாத்தையும் அவகிட்ட ஒப்பிச்சுட்டேன். அவ பேசல. இன்னிக்குக் காலையில பேசினா. பேசாமலே இருந்திருக்கலாம்.

"பதினாறு வருஷமா நான் என்னென்னவோ நினைச்சேன். என்கூட ஒரு நல்ல வீட்டுல இருக்க உங்களுக்குப் பிடிக்கலையோன்னுகூட நினைச்சேன். நீங்க என்னடான்னா பல்லிக்குப் பயந்திருக்கீங்க."

"பல்லி இல்ல" என்றேன். அந்த நேரத்தில் அது ரொம்ப முக்கியமா? எனக்கே என்னை அறையலாம் போலிருந்தது.

அந்த வீட்டுக்கு அவள் போவது உறுதியாம். நான் வருகிறேனா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. டைனோசரைவிட.

மார்ச் 22, சனி

மத்தியானம் அவள் ஒரு பழைய டிஸ்க்கோடு வந்தாள். கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிற யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறாள். அதே படம். சோபாவில் என்னை உட்கார வைத்து, முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் திறந்து பாக்க வைக்கிறேன். என் வீட்டுல மூடிக்கிட்டா உதைதான்" என்றாள்.

பார்த்தேன். மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம். டைனோசர் வருவது பதினொரு நிமிடம். அதிலும் ஒரு தடவை திரும்பும்போது முதுகில் ஜிப் தெரிந்தது. மிச்ச நேரமெல்லாம் இரண்டு பேராசிரியர்கள் கூடாரத்தில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள்.

கூடாரம்! படத்தில் ஜன்னலே இல்லை. கண் எட்டிப் பார்க்கவில்லை. மாடி என்ன, ஒரு கட்டடம்கூட இல்லை, எல்லாம் காடு. இரண்டு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று நாளுக்குப் பிறகு சிரிக்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அப்படியென்றால் இத்தனை வருடம் நான் எதற்குப் பயந்தேன்?

அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் இப்போது தலைமை ஆசிரியர். அவன் வராந்தாவில் நடந்தால் ஆயிரம் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். ஜன்னல் எங்கே என்று கேட்டேன்.

"டேய்... நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான்டா இருந்தேன்."

நான் 'இப்ப என்ன, இப்ப என்ன' என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேனாம். அவனுக்குப் பன்னிரண்டு வயது. தம்பியிடம் போய்ப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? காதில் விழுந்த சத்தத்துக்கு ஏற்றபடி அடித்துவிட்டானாம்.

"அப்ப அந்தக் கண்ணு?"

"நான் சொன்னதுதான். ஆனா சொல்லும்போதே எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுடா" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் இன்னிக்கு வரைக்கும் தரைத்தளத்தை விட்டு மேல குடிபோகலையே, கவனிச்சியா?" என்றான்.

கால் வருமே என்று கேட்டேன். அதை அவன் யோசிக்கவே இல்லையாம். பாவம், இன்றைக்குத் தூங்க மாட்டான்.

மார்ச் 23, ஞாயிறு

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 30

குடிவந்தாயிற்று. சாமான் ஏற்றும்போது டேப்பை அவள் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். வரைகிற மேசையை ஜன்னலோரம் போடலாமா என்று கேட்டாள். போடு என்றேன். முதுகைக் காட்டி உட்காரவா, முகத்தைக் காட்டி உட்காரவா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஏப்ரல் 2

முகத்தைக் காட்டித்தான். நல்ல வெளிச்சம். ஜன்னல் சார் ஐந்தாவது வாரத்தையும் முடித்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன்பே அவள் ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்துவிடுகிறாள். இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. "கண்ணை இவ்வளவு தத்ரூபமா போடணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்திருந்தோம். அவள் ஜன்னல் பக்கம், நான் சுவர் பக்கம். திடீரென்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏங்க. ஜன்னல்ல ஏதோ போச்சு. நீளமா, கழுத்து மாதிரி."

திரும்பிப் பார்த்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள். ஊர்க் கண்ணையெல்லாம் திறக்க வைக்கிறவள்! பொய் எதற்கு, என் கண்ணும் தானாக மூடிக்கொண்டது. "இப்ப என்ன? என்ன பண்ணுது? சொல்லுங்களேன்" என்று நச்சரிக்கிறாள். சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ கரகரவென்று இழுபடுகிற சத்தம். வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். அண்ணன் ஞாபகம் வந்தது.

கண்ணைத் திறந்து எழுந்து ஜன்னலிடம் போனேன்.

"கிரேன்மா. எதிர்ல கட்டடம் கட்டுறாங்க. மஞ்சள் கலர். கொக்கியில யாரோ சட்டையைக் காயப் போட்டிருக்காங்க."

"நிஜமா பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"இன்னும் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். நீலச் சட்டை, கட்டம் போட்டது, ஒரு கையில் பொத்தான் இல்லை. அதையும் சொன்னேன். பிடித்திருந்த விரல்களின் தடம் மணிக்கட்டில் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

இன்றிலிருந்து ஜன்னல் பக்கம் நான் படுக்கிறேன்.