30-10 முதல் 02-11 வரை

நவ. 2. கொல்லங்கோடு.
மழை விட்டு விட்டு. துவைத்த துணி இன்னும் ஈரம்.

சாந்தன்பாறையிலிருந்து அக்கா போன். ஏலக்காட்டில் காய் எடுக்கப் போன பெண்களுக்கு வாந்தி, தலைசுற்றல். அவளுக்கும். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது. அந்தக் காட்டில் நேற்றுத்தான் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள்.

"ஒன் ஆப்புல ஒண்ணுமே காட்டலியேட்டி. அதான் உள்ள போனோம்."

போனை வைத்ததும் லேப்டாப்பைத் திறந்தேன்.

போன மாதம் நான் செய்து கொடுத்த ஆப். காட்டில் சிக்னல் கிடையாது. விவரம் முழுதும் போன் பிரவுசருக்குள்ளேயே. மருந்து அடித்ததும் சூப்பர்வைசர் அக்கா போனில் பதிவார். மூன்று நாள் முன்பிலிருந்து இன்று வரை அடித்த காடுகள் காலையில் பட்டியலாக வரும். வந்தால் போகக் கூடாது.

நவ. 3
கண்டுபிடித்துவிட்டேன். வெட்கக்கேடு. ஒவ்வொரு பதிவையும் தேடி எடுக்கிற அடையாளம், அதாவது கீ, தேதிதான். நாம் எழுதுகிற மாதிரியே நாள் முதலில், மாதம் பிறகு. பிரவுசருக்கு அது தேதி இல்லை, வெறும் எழுத்து; இடமிருந்து ஒப்பிடுகிறது. 30-10 முதல் 02-11 வரை என்று கேட்டால், முதல் எழுத்து 3, அங்கே 0; தொடக்கம் முடிவைவிடப் பெரிது. தேட வேண்டிய எல்லையே (கீ ரேஞ்ச்) உருவாகாமல் பிழை. பிழை வந்தால் காலிப் பட்டியல் காட்டச் சொல்லியிருந்தேன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று! சோதித்தது அக்டோபர் நடுவில். மாதம் மாறுவதை யோசிக்கவே இல்லை. சனியன் பிடித்த புத்தி.

இவர் வந்து, "ஏம்புள்ள, சோறு ஆறுது, அப்படி என்ன பண்றே?" கத்திவிட்டேன். பாவம் மனுஷன்.

நவ. 4
இப்போது வருடம், மாதம், நாள். பழைய பதிவுகளும் மாற்றியாச்சு. பிழை வந்தால் சிவப்பில் 'தெரியவில்லை, போகாதீர்கள்'. டிசம்பர்–ஜனவரி வைத்தும் பார்த்தேன். சரி.

கேஸ் புக் பண்ண. கொத்தமல்லி.

அக்கா வீடு திரும்பிவிட்டாள். மருந்து வாடை வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்திச்சு. அவளுவ வேண்டாம்னுதான் சொன்னாளுவ. நாந்தான், எந்தங்கச்சி செஞ்சது தப்பாதுன்னு கூட்டிட்டுப் போனேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருக்கலாம். குளியலறையில் போய் அழுதேன்.

நவ. 6
வெயில். காலையிலேயே அக்கா போன். ஆப் இன்று ஒரு காட்டுக்குப் போகலாம் என்கிறதாம். யாரும் உள்ளே வர மாட்டேன் என்கிறார்களாம்.

"அப்ப என்ன செய்யப் போற?"

"நான் முன்னால போயி நிக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அவளுவ வருவாளுவ."

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. தைரியமாகப் போ என்றும் வரவில்லை.

அக்கா இன்னும் கூப்பிடவில்லை.