இரண்டு ஒலிபெருக்கிச் சாவிகள்

அரியாலை

பிரியமுள்ள உமக்கு,

கரவெட்டியில், அக்கா வீட்டில், உமது கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

பிள்ளையார் கோயில் திருவிழாவும் மாதா கோயில் பெருநாளும் இம்முறை ஒரே வாரத்தில் வந்து, ஒலிபெருக்கிச் சண்டை தொடங்கிவிட்டது. கோயில் தலைவரும் பங்குச் சுவாமியும் ஒன்றாக வந்து எங்கள் வீட்டுப் படலையில் நின்றார்கள்.

"மாஸ்டர், நேரத்தை நீங்களே பிரிச்சுத் தாங்கோ. நீங்கள் ரெண்டு இடத்திலயும் கும்பிடாத ஆள், ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்," என்றார் சுவாமி.

இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளின் சாவியும் இப்போது என் சட்டைப்பையில். ஆறு மணிக்குத் தேவாரம் நிற்கும், பிறகுதான் செபமாலை. ஒரு நிமிடமும் பிசகவில்லை.

அன்றைக்கு என் கையிலிருந்து முற்றத்தில் போய் விழுந்த உமது சாமிவிளக்கைத் துலக்கி, பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன். பின்னேரத்தில் ஏற்றவும் செய்கிறேன். எண்ணெய் முடியப்போகிறது. எந்த எண்ணெய் என்று வந்து சொல்லும்.

இன்னமும் கும்பிடாத,
உமது மனுசன்