ஏறாமல் விட்ட விமானம்

புதன். மலைத்தோட்டம்.
விடாத சாரல். போர்வையெல்லாம் ஈரம். எழுந்ததும் போனில் விமானத்தைத்தான் பார்த்தேன். பெங்களூர் - சான் பிரான்சிஸ்கோ. பதினாலாயிரம் கி.மீ. பதினாறு மணி நேரத்துக்கு மேல். நேற்று மதியம் கிளம்பியது, இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரி விமலா போய்ச் சேர்ந்துவிட்டாள். பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும். மகளுக்கு இது தலைப்பிரசவம்.

போடிமெட்டு வளைவுகளில் முப்பது வருஷம் லோடு ஜீப்பு ஓட்டியவன் நான். விமான நிலைய வாசலில் பாஸ்போர்ட்டை நீட்டக் கை வரவில்லை. மருமகன் அனுப்பிய வரைபடத்தில் வழி முழுக்கக் கடல் நீலம். இறங்க ஓர் இடம் கிடையாது.

"என்னங்க, இப்படி வேர்க்குது?"

"பயமா இருக்கு விமலா. என்னால முடியாது."

தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாள். "புள்ள அங்க நம்மளத் தேடிக்கிட்டுக் கெடக்கு. நான் போறேன்."

மதுரைக்குக்கூடத் தனியாகப் போகாதவள். உருட்டுப் பெட்டியை உருட்டத் தெரியாமல் தூக்கிக்கொண்டே உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்த காரிலேயே திரும்பி, போடியில் இறங்காமல் நேராக மலைக்கு. ஊரே நின்று வழியனுப்பியது. எந்த மூஞ்சியோடு இறங்குவது?

வியாழன்.
மழை. அரிசி கொஞ்சம்தான். தீப்பெட்டி நமத்துவிட்டது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளத்தாயி கஞ்சி கொண்டுவந்தாள்.

"மொதலாளி, கீழ கேட்டா என்னன்னு சொல்லட்டும்?"

"நான் இங்க இருக்கேன்னு சொல்லாத."

"அப்ப பொய் சொல்லணுமாக்கும்."

தூக்குவாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளையும் இதில் இழுத்துவிட்டேன்.

மாலை, போடியில் என் கடைக்கு எதிர்க்கடை சேவியர் அண்ணனிடமிருந்து செய்தி: 'மாப்ளே, அங்க குளுரா?'
'ரொம்பக் குளுருண்ணே.'
பொய்யில்லை. ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ச்சே.

வெள்ளி.
வெயில் எட்டிப் பார்த்தது. ஏலச்செடிக்குள் அட்டை, காலெல்லாம் ரத்தம்.

வீடியோவில் மகள். முகம் வீங்கியிருக்கிறது. "அப்பா, பி.பி. எறங்கிருச்சா? டாக்டர் பிளேன் ஏறவே கூடாதுன்னுட்டாராமே, அம்மா சொன்னாங்க. ரெஸ்ட் எடுங்கப்பா."

தலையை ஆட்டினேன். எனக்கு பி.பி. எப்போது வந்தது?

பிறகு விமலா போனைத் தனியாக வாங்கிக்கொண்டு போனாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே: "ஒங்க சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. நல்லாக் கால நீட்டிப் படுத்துக்கிட்டேன்."

"பயமா இல்லையா?"

"இல்லாம? வானம் குலுங்குறப்ப பக்கத்துல இருந்த வெள்ளக்காரியம்மா கையப் புடிச்சுக்கிட்டேன். அதுவும் விடல."

நான் பிடித்திருக்க வேண்டிய கை. சாப்பிடவில்லை.

சனி. போடி.
விடியும்போது போன். பேத்தி. தாயும் பிள்ளையும் சுகம். விமலா அழுதுகொண்டே சிரித்தாள்; என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை இல்லை. அதுதான் தாங்கவில்லை.

முதல் ஜீப்பில் இறங்கிக் கடையைத் திறந்தேன்.

சேவியர் அண்ணன் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். "அடேய் மாப்ளே! அமெரிக்கா அதுக்குள்ள சலிச்சுப்போச்சா?"

"போகவே இல்லண்ணே. ஏறப் பயந்து ஓடியாந்துட்டேன். இத்தன நாளும் மலையில ஒளிஞ்சு கெடந்தேன்."

சிரிப்பார் என்று குனிந்து நின்றேன். சிரிக்கவில்லை.

"அப்ப விமலா ஒத்தையிலயா போச்சு? அம்புட்டுத் தூரமும்?"

திரும்பத் திரும்ப அதையே கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.