பார்க்காத விதைநெல்

1937 புரட்டாதி 9, இரவு

வெல்லாவெளியிலிருந்து வந்த பெண்ணுக்கு நாளை சத்திரசிகிச்சை. பிள்ளை உண்டாகாததற்குக் கருக்குழாய் அடைப்புத்தான் காரணம் என்று டாக்டர் நினைக்கிறார். அதை விளக்கிச் சம்மதம் வாங்குவது டாக்டருக்கு உதவியாக இருக்கும் அப்போதிக்கரியான என் வேலை.

“வயல் வட்டைக்குத் தண்ணி போற வாய்க்கால் அடைபட்டிருக்கு. வெட்டித் திறந்தால் சரி” என்றேன்.

“வாய்க்கால் கிடக்கட்டும் ஐயா. விதைநெல்லை ஆரும் பாத்தீங்களா?” என்றாள்.

ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“வாயைப் பொத்து. சம்மதக் கடுதாசியில பெருவிரலை வை.”

வைத்தாள்.

அவள் புருஷனைச் சோதிக்கும்படி டாக்டர் போன கிழமையே சொல்லியிருந்தார். அந்த மனிதரிடம் விந்து கேட்கக் கூச்சப்பட்டு, சோதித்தாயிற்று, குறையில்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை அவள் வயிற்றைத் திறக்கப்போகிறார்கள்.

டாக்டர் பங்களாவில் இன்னும் விளக்கு எரிகிறது. எழும்பிப் போகாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.