உன் அம்மாவின் எலுமிச்சம்பழத் தண்ணீர்

ஹெப்பாள், மைசூரு
டிசம்பர் 14

அன்பு மகள் ஜோதிமணிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதேஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மாவையும் சேர்த்து சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் எதை அனுப்பினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். பக்கத்து வீட்டு அய்யாசாமியின் மகன் கம்பெனி வேலையாக உங்கள் ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிறு நீ வீடியோவில் கூப்பிட்டபோது அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ம், ம் என்று மட்டும் சொன்னாள். தசராவுக்கு நான் வராத கோபம் அம்மாவுக்கு இன்னும் தீரலையாப்பா என்று கேட்டு நீ அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாய். கோபமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை கண்ணு. அவளுக்குப் பல் கூச்சம். வாயைத் திறந்தால் காற்றுப் பட்டே சுரீர் என்கிறதாம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் சொல்லவில்லை, எழுதுகிறேன். ஆறு மாதமாக இப்படித்தான். காபியை ஆற வைப்பாள், ஆறிப்போனால் அதுவும் கூசுகிறது என்று திரும்பச் சுட வைப்பாள். வாய் கொப்பளிக்கிற தண்ணீரைக்கூட அடுப்பில் வைத்து எடுக்கிறாள். மெல்லாமல் விழுங்கலாம் என்று மூன்று வேளையும் ராகிக் களிதான், இல்லையென்றால் ரசவாழைப் பழம். கொள்ளேகாலில் கமலம்மாள் மகள் கல்யாணத்தில் கையில் கொடுத்த ஐஸ்கிரீமை, யாராவது ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டுவிடுவார்களோ என்று கரைந்து தண்ணீராகும்வரை பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், என்னால் என்ன செய்ய முடியும் சொல்.

ஒருவழியாகப் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். சொத்தை எதுவும் இல்லை, பல்லின் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது, காலையில் எழுந்ததும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. நீ இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தபோது, எடை குறையும், வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிம்மா என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா. உன் மேல் தப்பில்லை, நீ சொன்னது அரை மூடி. அவள் முழுப் பழம் பிழிகிறாள். மருந்து வாயில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டுமாம், ஒவ்வொரு மடக்கையும் கடைவாயில் வைத்திருந்து விழுங்குகிறாள். வெறும் வயிறு என்றால் பல் விளக்குவதற்கும் முன்னால் என்று அவளே முடிவு செய்து, குடித்த கையோடு நல்ல கெட்டி பிரஷ்ஷாகப் பார்த்து வைத்துக்கொண்டு தேய்க்கிறாள். கூச ஆரம்பித்ததும் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். புளிப்புப் பட்ட பல் இளகியிருக்கும், அரை மணி நேரமாவது பிரஷ் படக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி, மெத்தென்ற பிரஷ்ஷும் கூச்சத்துக்கான பேஸ்ட்டும் கொடுத்து, எலுமிச்சம்பழத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார்.

பிரஷ்ஷை மாற்றிவிட்டாள், பேஸ்ட்டையும் மாற்றிவிட்டாள். அந்த டம்ளரை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். பழத்தை ஒளித்து வைத்தேன், அய்யாசாமி வீட்டு மரத்தில் போய்ப் பறித்துக்கொண்டு வந்தாள். கோபித்துக்கொண்டு ஒருநாள் சாப்பிடாமல் இருந்தேன், எனக்குப் பசித்ததுதான் மிச்சம். கடைசியில் கெஞ்சிக் கேட்டபோது, அதைக் குடிக்கறப்பதானுங்க புள்ள பக்கத்துல நின்னுட்டு குடிம்மா குடிம்மான்னு அதட்டற மாதிரி இருக்குது, அதையும் உட்டுட்டா எனக்குன்னு காலையில என்னங்க இருக்குது என்றாள். தினமும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் கண்ணு, நீதான் சொல்ல வேண்டும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அங்கே டாக்டர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள் என்று நீயாகச் சொல்வதுபோலச் சொல். காலையில் குளிர்காற்று ஆகாது, வெயில் ஏறின பிறகு கூப்பிடு, இரண்டு வார்த்தையாவது பேசுவாள். நிறுத்து என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. அதற்குப் பதிலாக வேறு ஒன்றைக் குடிக்கச் சொல், எதுவாக இருந்தாலும் சரி, கொதிப்பாகவோ சில்லென்றோ புளிப்பாகவோ இனிப்பாகவோ இல்லாமல் பார்த்துக்கொள். நான் சொன்னால் அது வெறும் தண்ணீர், அவள் குடிக்கமாட்டாள்.

மூன்று பேரும் நல்லபடியாக நீண்டகாலம் வாழ வேண்டும். பேத்திக்கு என் முத்தம். படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
லிங்கப்பன்